இரண்டு ஊர் மாத்திரை

என் கணவருக்குத் தீராத முழங்கால் வலி. கொல்கத்தா டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, சென்னையிலிருந்து என் நாத்தனார் அனுப்பியதையும் சேர்த்துச் சாப்பிட்டுவந்தார். "நம்மூர் மாத்திரையும் சேர்ந்தாத்தான் கேக்கறது" என்பார்.

போன மாதம் இங்கே கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், முகம் வெளுத்து அப்படியே சரிந்தார். "நேத்திலேர்ந்து வெளிக்குக் கறுப்பாப் போறது. நீ பயப்படுவேன்னு சொல்லலை" என்றார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எப்போதும் என் பையிலேயே இருக்கும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் டாக்டர் பார்த்தார். பெயர்தான் வேறு, உள்ளே ஒரே மருந்தாம். அளவு இரட்டிப்பாகி, வயிறு புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது; அதுதான் கறுப்பாகப் போயிருக்கிறது.

நல்லவேளை, பிழைத்தார். இப்போது டாக்டரிடம் எல்லா அட்டைகளையும் காட்டாமல் எந்த வலி மாத்திரையையும் தொடுவதில்லை.

நேற்று நாத்தனார் போனில், "மன்னி, இன்னும் ரெண்டு அட்டை அனுப்பட்டுமா?" என்றாள்.

"முறுக்கு அனுப்பு, போதும்" என்றேன்.