கழுவி வைத்த தகரம்

சின்னத்தாய் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் விட்டுப்போன கைக்குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. மூத்திரமும் நின்றுபோனது. அவள் புருஷன் பேயாண்டி, மதுரைக்குக் காய்கறி ஏற்றும் தன் பிக்கப் வண்டியை எடுத்தான். தங்கை ஒச்சம்மாள் குழந்தையோடு ஏறினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கே விடுண்ணே."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கியரைப் போட்டான். பெண்டாட்டி போனதிலிருந்து அப்படித்தான். அழவும் இல்லை. சோறு வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான்.

சமயநல்லூர் தாண்டியதும் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை.

ஒச்சம்மாள் இறங்கிப் போய், எதிர்ப்பட்ட பஸ்ஸுக்குக் கையை நீட்டினாள். அது நிற்காமல் போயிற்று. "பாவிப்பய, மாமியா வீட்டு விருந்துக்குப் போறான் போல, அம்புட்டு வேகம்!"

பேயாண்டி வண்டிக்கடியில் படுத்து டேங்கின் அடித்திருகைக் கழற்றினான். டீசலுக்கு முன்னால் தண்ணீர் கொட்டியது.

"இம்புட்டுத் தண்ணி எப்படிண்ணே?"

"டீசலத் தகர டின்னுல வாங்கியாந்துதான டேங்குல ஊத்துனேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "தீட்டுக் கழிக்கிறப்ப வீட்ல இருந்த ஏனம் அம்புட்டையும் கழுவுனேன். அந்தத் தகரத்தையும் கழுவித்தேன் வச்சேன். தண்ணி அடில தங்கியிருக்கும்ணே."

முன்பென்றால் தகரத்தைச் சாய்த்துப் பார்க்காமல் டீசல் பிடிக்கிற ஆளில்லை அவன்.

"நானும் பாக்கல," என்றான். "புள்ளைக்குத் தண்ணி குடு."

அவள் உப்பும் சீனியும் கரைத்துப் புட்டியில் கொண்டுவந்திருந்த வெந்நீரைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டாள். அவன் டேங்கில் தண்ணீர் நின்று சுத்த டீசல் வரும்வரை வடியவிட்டு, திருகை முடுக்கினான். பில்டரையும் வடித்தான். பிறகு அதன் மேல்திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்கினான். நுரை நுரையாக வந்தது. குழாயில் காற்று இருக்கும்வரை இன்ஜின் பிடிக்காது. அமுக்கிக்கொண்டே இருந்தான். விரலில் தோல் உரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, கண்ணச் சொருகுது!"

அவன் திரும்பவில்லை. நுரை அடங்கி டீசல் தெளிந்து வழிந்ததும் திருகை இறுக்கினான். செல்ஃபை அழுத்தினான். நாலைந்து தரம் உறுமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலை நரம்பில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் விட்டார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ். அவன் கழுவினான், வைத்துக்கொண்டான். அந்தி சாயும் நேரத்தில் நர்ஸ் மறுபடி வந்தாள்.

"ஒண்ணுக்குப் போச்சா?"

பேயாண்டி குனிந்து பார்த்தான். வேட்டி நனைந்திருந்தது. எப்போது நனைந்ததென்று தெரியவில்லை.

"போயிருக்கு."

"அப்பப் பொழச்சுக்கிரும்."

ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஈரவேட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்:

"வீட்டுக்குப் போனதும் அந்தத் தகரத்த வெயில்ல கவுத்து வையி, ஒச்சு."