தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும்

இப்போதெல்லாம் பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பார்க்கில் நடக்கிற அம்மாக்கள், ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள், எல்லோரும் நாலு எட்டுக்கு ஒரு மடக்கு குடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் எங்கள் கூட்டம்.

நான் பெயிண்டர். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. போனதெல்லாம் அதற்கு வெள்ளையடிக்கத்தான். தொண்ணூறுகளில் ஓசூர் ரோட்டை ஒட்டி அடுக்குமாடிகள் முளைத்தபோது வெளிச்சுவர் வேலைக்கு மாறினேன். மொட்டைமாடியில் கயிறு கட்டி, ஒரு பலகையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து மேலிருந்து கீழே அடித்துக்கொண்டே வர வேண்டும். பலகையில் உட்காருகிறவனுக்கு ஒரு கெத்து உண்டு. கீழே நின்று சுவர் சுரண்டுகிறவன் அண்ணாந்துதான் பேச வேண்டும்.

பலகைக்காரர்களிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது. சாப்பிட்டால் உடம்பு கனத்துக் கயிறு ஆடும் என்பார்கள். ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதான். அந்தப் பன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பான். டீயில் முக்கினால் பாதி பன் கிளாஸுக்குள்ளேயே தங்கிவிடும். சரி, அது கிடக்கட்டும். இரண்டாவது பழக்கம், தண்ணீர் குடிக்காதது. குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் பலகையைத் தரை வரைக்கும் இறக்கி, போய்விட்டு, மறுபடி படியேறி மேலே போக வேண்டும். எங்கள் மேஸ்திரி அதற்கென்றே காத்திருப்பார்.

"இன்னா தலைவா, டேங்க் ரொம்பிடுச்சா? வூட்ல சொல்லி ஒரு தொட்டில் கட்டச் சொல்லு."

தெருவே சிரிக்கும். அதற்குப் பயந்தே நாக்கு ஒட்டிக்கொண்டாலும் குடிக்க மாட்டோம்.

ஒரு வெயில் காலம். பொம்மனஹள்ளியில் ஆறு மாடிக் கட்டடம். பதினோரு மணி வாக்கில் எனக்குத் தலை சுற்றி, சுவர் தள்ளிப் போய்ப் பக்கத்தில் வந்தது. கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. மேஸ்திரி என்னை இறக்கி, நிழலில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இதோ பாரு, உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. இன்னொரு வாட்டி தலை சுத்துச்சுன்னா பலகைய மறந்துடு. கீழ ஒக்காந்து உப்புத்தாள் தேய். நீ வுழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

உப்புத்தாள் தேய்ப்பது! அன்று நீலசந்திராவில் இருந்த என் வீட்டுக்குப் பஸ் ஏறினவன், வழியெல்லாம் அதையே புலம்பிக்கொண்டு போனேன்.

கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தன் பச்சை முட்டை என்றான், ஒருத்தன் பீட்ரூட் சாறு. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் குடித்தேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவள்தான் அன்று ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம கிரவுண்டுல மத்தியானம் வரைக்கும் பந்து ஒதைக்கிறீங்களே, அப்ப சுத்தலியா?"

"அது வெளையாட்டு."

"வெயில் ஒரே வெயில்தானே? அன்னிக்கி சர்ச்சுல பூசை முடிஞ்சி வந்து இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் ஒரு கை பாக்குறீங்க. ஒரு சொம்பு மோரும் போவுது. மத்த நாள்ல பன்னத் தின்னுட்டுக் கொரங்கு மாதிரி தொங்குனா தல சுத்தாம காலா சுத்தும்?"



மறுநாள் விடிவதற்குள் கேழ்வரகுக் களி கிண்டிவிட்டாள். கூட அவரைக்காய்க் குழம்பு. பெரிய உருண்டை வேண்டாம், வயிறு முட்டத் தின்றால் தூக்கம்தான் வரும் என்று அளவாக ஒன்று. சாப்பிட்டதும் ஏறக் கூடாது என்று அரைமணி சும்மா இருக்கச் சொன்னாள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில், வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம், இரண்டு வாழைப்பழம். எல்லாவற்றையும் பையில் போட்டுப் பலகையிலேயே கட்டிக்கொண்டேன். தாகம் வரும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

மேஸ்திரி கீழே இருந்து கத்தினார். "இன்னாய்யா, லால்பாக் பிக்னிக்கா?"

பத்தரைக்கு வர வேண்டியது வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எறக்குங்கப்பா" என்றேன். தொட்டில், டேங்க் எல்லாம் வந்தது. காதில் வாங்காமல் போய்விட்டு, ஆறு மாடி ஏறி மறுபடி உட்கார்ந்தேன். பதினோரு மணி வந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் சுவராகவே நின்றது. மத்தியானமும் ஒரு முறை இறங்கி ஏறினேன்.

மூன்று மணிக்கு எனக்குப் பக்கத்துப் பலகைக்காரர்கள் கீழே நிழலில் சுருண்டு கிடந்தார்கள். நான் மட்டும் மேலே பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் இறங்கியதும் மேஸ்திரி என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தலியா?"

"இல்ல மேஸ்திரி."

"அத்தினி வாட்டி படியேறியும்?"

"களி மேஸ்திரி. மோரு."

அவர் என் பையில் மிச்சமிருந்த வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்றுகொண்டே போனார். உப்புத்தாள் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மண் பானை, மேலே டம்ளர். "குடிச்சிட்டு ஏறுங்கடா" என்றார் மேஸ்திரி. பத்தரை மணி வாக்கில் ஒருவன் மேலிருந்து "எறக்குங்கப்பா" என்றான். நாங்கள் எல்லோரும் மேஸ்திரியின் வாயைப் பார்த்தோம். அவரைக் காணோம். பானையைக் காலி செய்ததில் பாதி அவர் பங்கு. எங்களுக்கு முன்னாடியே ஓடியிருந்தார்.