அழகம்மாவின் காலை நிலா

கத்தியை நெற்றியில் ஒற்றி, "முருகா" என்று வாய்க்குள் சொல்லி, இறப்பர் மரப் பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாப்போல உரித்து இடுப்புப் பையில் போட்டுவிட்டுத்தான் அழகம்மா நிமிர்வார். நிமிர்ந்ததும் கண் கிளைகளுக்கு மேலே போகும். நிலா எங்கே நிற்கிறது என்று தேடும். அகப்பட்டுவிட்டால் இரண்டு மூச்சு நேரம் பார்ப்பார். அதன் பிறகுதான் முதல் மரத்தில் கத்தி படும்.

கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பால் வெட்டுகிறார். வயது நாற்பத்தாறு. மேற்பார்வைக்கு வரும் சிங்கள ஐயா, எல்லாருக்கும் மாத்தயா, ஒரு நாள் இந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டார். நிலாவைப் பார்க்கிறாயா, பால் வெட்டுகிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். "தெகம, மாத்தயா" என்றார் அழகம்மா. இரண்டும்தான் என்று அர்த்தம். அன்றிலிருந்து மாத்தயா கேட்பதில்லை. தானும் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுப் போகிறார்.

பக்கத்து வரிசையில் வெட்டுகிற மல்லிகாவுக்கு இது நல்ல தீனி. விடிய ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணும் பெரட்டையும் இதில் இழுப்பார். "நாளைக்குப் பெரட்டுல நிலாவுக்கும் பேர் கூப்புடச் சொல்லவாக்கா? அதுவும் வெள்ளனா வந்து நிக்குதே."

"வந்தா கூப்புடட்டும் புள்ள. நம்மளவிட ஒழுங்கா வருது."

ஆனால் அழகம்மாவின் நிலா மற்றவர்களுடைய நிலா இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவருக்குத் தேய்கிற நிலாதான் தெரியும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மேற்கே தட்டுப்போல இறங்கி நிற்கும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே உச்சிக்கு ஏறும். கடைசியில் கிழக்கே நகம் வெட்டிப் போட்டது மாதிரி ஒரு கீற்று. அதுவும் ஒரு நாள் இருக்காது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் காலை வானத்தில் ஒன்றும் கிடையாது. பொழுதுசாய வளர்கிற நிலா வரும் நேரத்தில் அவர் தோட்டத்து லய வீட்டின் அடுப்படியில் புகைக்குள் இருப்பார். மாரியம்மன் திருவிழாவில் சாமி சுற்றிவரும்போது பார்த்தால் உண்டு.

தை, மாசியில் இறப்பர் இலை உதிர்ந்து மலை மொட்டையாக நிற்கும். அப்போதுதான் அவருக்குக் கவிதை வரும். தினக் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ரகர றகரம் அடிக்கடி காலை வாரிவிடும். ஒன்பது வருடமாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றும் வந்ததில்லை. அதற்காக யாரையும் நொந்துகொண்டதும் இல்லை. "சாமிக்குப் பூ போடுறோம், திருப்பியா கேக்குறோம்" என்பார்.

இந்த மாசியில் எழுதியதைத்தான் அவரால் அப்படி விட முடியவில்லை. காரணம் ஏழாம் நம்பர் மலை. இறப்பர் மரத்தை இன்று வெட்டினால் நாளை விட வேண்டும். பட்டைக்கு அந்த ஒரு நாள் ஓய்வு. ஆனால் வயதாகித் தறிக்கப் போகிற மரத்துக்கு அது கிடையாது. கடைசி வருடத்தில் தினமும் வெட்டு, இரண்டு பக்கமும் வெட்டு, ஏணி வைத்து மேலேயும் வெட்டு. ஏழாம் நம்பர் மரங்கள் அழகம்மா வேலைக்கு வந்த நாள் முதல் அவர் கையில் இருந்தவை. சித்திரைக்குள் அவற்றைத் தறித்துவிடுவார்கள். தினமும் அந்த மரங்களில் கத்தி வைத்துக்கொண்டே, மேலே தேய்கிற நிலாவையும் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு, நிலா இல்லாத ஒரு காலையில்தான் அந்தக் கவிதை வந்தது.

*நேற்றைவிட ஒரு சீவல் குறைந்திருக்கிறாய்.*
*எனக்கு முன்னால் எழுந்து யாரோ*
*உன்னிடம் பால் வெட்டுகிறார்கள்.*
*இன்று உன்னைக் காணோம்.*
*விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.*
*நன்றாக ஆறிக்கொள்.*

கஹவத்தை டவுனில் யோகராஜ் என்றொரு இளம் ஆசிரியர் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இருபத்துநாலு பக்கத்தில் ஒரு கவிதைச் சஞ்சிகை போடுகிறார். வாசிகசாலையில் அவர் பேசிய ஞாயிற்றுக்கிழமை, அழகம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். புதுக்கவிதையில் நிலா என்பது கற்பனையின் குறியீடு என்று யோகராஜ் விளக்கினார். முன்பு அது பெண்ணின் முகமாக இருந்தது, பிறகு பசித்தவனுக்கு ரொட்டியானது, இனி வேறொன்றாக வேண்டும் என்றார். அழகம்மா கூர்ந்து கேட்டார். தான் எழுதியதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் கண்டதைத்தானே எழுதினோம் என்று யோசித்துக்கொண்டே, கூட்டம் முடிந்ததும் கலண்டர் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து யோகராஜ் அனுப்பிய ஆள் வந்து சொன்னது: கவிதை வருகிறது, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமாம். அன்று அழகம்மா கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு பஸ் ஏறினார்.

அச்சுக்குப் போகிற தாளில் அவருடைய பெயர் இருந்தது. ரகர றகரம் எல்லாம் சரியாக இருந்தன. ஆறு வரிக்குக் கீழே ஏழாவதாக ஒரு வரி இருந்தது. *நாளை நீ முழுதாய் எழுவாய், எமக்கும் விடியும்.*

யோகராஜ் மரியாதையாகத்தான் விளக்கினார். கவிதை தேய்வதோடு நின்றுவிட்டால் வாசகருக்கு நம்பிக்கை வராது. நிலா வளரவும்தானே செய்கிறது, அந்தப் பாதியைக் காணோம் என்றார்.

அழகம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக வராதது கையில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். லயத்தில் எல்லாருக்கும் காட்டலாம், மல்லிகாவின் வாயையும் கொஞ்ச நாளைக்கு மூடலாம். ஆனால் ஏழாம் நம்பர் மரங்களிடம் போய் முழுதாய் எழுவாய் என்று யார் சொல்வது? அவை கேட்பது ஒரு நாள் ஓய்வுதான்.

"சேர், அந்தப் பாதிய நான் பாக்கலீங்க."

"பாக்காட்டி என்னக்கா? கற்பனை பண்ணிக்கிறதுதானே."

"வெட்டுன பட்டை ஆறுறப்ப கிட்டப் போயி நோண்டிப் பாக்கக் கூடாதுங்க. சும்மா விட்டுறணும். ஆத்துறதுக்கு ஆண்டவன் இருக்கான்." ஏழாவது வரியைத் தொட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்த வரி நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஒங்க வரி. அதுக்குக் கீழ ஒங்க பேரப் போட்டுருங்க. இல்லாட்டி என் பேர எடுத்துருங்க."

யோகராஜ் சிரித்தார். அழகம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆறு வரியையும் மெதுவாக இன்னொரு தடவை வாசித்தார். கடைசியில் பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தார்.

"சரிக்கா. ஆனா இவ்வளவு எடம் வெறுமையாக் கெடக்குமே. சின்னதா ஒரு பிறை கீறி விடவா?"

பேனா முனை தாளுக்கு இறங்கியது. அழகம்மா பால் கறை ஏறிக் கறுத்த உள்ளங்கையை அந்த வெற்றிடத்தின் மேல் விரித்து வைத்தார். யோகராஜ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகும்வரை அதை எடுக்கவில்லை.