நாற்பது நாள் மட்டும் நன்றாக இருந்த உடம்பு

எனக்கு அறுபத்தேழு வயது. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது மூன்று, தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஐந்தையும் மயிலாப்பூர் மார்க்கெட்டில் ஒரு பலகை மேல் மீன் வைத்து விற்றுத்தான் வளர்த்தேன். படித்தது மூன்றாவது வரை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன்.

தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு போகவில்லை, வயிறு சரியாகவில்லை என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது தூக்கம். சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டு இருக்கும்போதே கண் சொருகியது. வாங்க வந்த அம்மா, "மேரி, கையப் பாரு!" என்று அலறினாள். கை அறுபடவில்லை. ஆனால் வெட்கமாகப் போனது. அதற்கு முன் நான் பலகையில் தூங்கினதே இல்லை.

அப்புறம் வயிறு. நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகாது. பேத்தை மீன் தொட்டால் உப்பும், அந்த மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெயிலில் குளிர் எடுத்தது. வயசு என்று நினைத்தேன்.

மருமகள் ஸ்டெல்லா அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். என் கடைசி மகள் வயசு இருக்கும் அந்த டாக்டருக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஹைப்போதைராய்டு (கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி சோம்பிப்போவது) என்றார். அது சோம்பினால் உடம்பு மொத்தமும் சோம்பும், குடலும் சேர்ந்து சோம்பும் என்றார்.

"காலைல எழுந்ததும் வெறும் வயித்துல தண்ணியில போடுங்கம்மா. அரை மணி நேரம் டீ, காபி, டிபன் எதுவும் கூடாது."

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அந்த வாரமே சாம்பல் புதன் வந்து, ஈஸ்டர் வரைக்குமான தவக்காலம் தொடங்கியது. எங்கள் சாந்தோம் பக்கம் தவக்காலத்தில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விடுவார்கள். நான் கல்யாணமான வருஷத்திலிருந்து வெற்றிலை பாக்கை விடுகிறவள். நாற்பது நாளும் தொட மாட்டேன். அந்தத் தவக்காலம் முடிவதற்குள் உடம்பு லேசானது. வயிறு இறங்கியது. கோயிலில் மாதாவுக்கு முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். தெருவில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்து வெயில் காலம் தாண்டுவதற்குள் எல்லாம் திரும்பி வந்தது. அதே தூக்கம், அதே வயிறு. டி.எஸ்.எச். (சுரப்பி சோம்பினால் ஏறுகிற ஒரு அளவு) ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மழைக்காலத்தில் இன்னொரு தடவை கூட்டினார்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"போட்றேன்."

"சில நாள் மறந்துடுதோ?"

"எந்த மீனு எந்த ஐஸ்ல கீதுன்னு மறக்காதவ, இத்த மறப்பனா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஸ்டெல்லா காலையில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி, என் வாயத் தொறந்தும் பாப்பியா?"

"டாக்டரம்மா சொன்னா பாப்பேன் அத்தே. எனக்கு வேற வழி தெர்ல."

பொய் சொல்கிறவள் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையைப் பார்க்கிற பார்வை சொன்னது.

பெரியவன், "பலகைய வுட்டுடும்மா, போதும்" என்றான். விட்டால் திரும்பக் கிடைக்காது. எங்கள் மார்க்கெட்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்த இடத்தில் இன்னொருத்தி உட்காருவாள். யாரும் கேட்க முடியாது. அதனால் நான் போகாத நாளில் பக்கத்துப் பலகை கோவிந்தம்மா தன் அன்னக்கூடையை என் பலகை மேல் கவிழ்த்து வைப்பாள். போன் போட்டுக் கத்துவாள்: "யக்கா, எவ்ளோ நாளுதான் கூடையே யாவாரம் பண்ணிக்கினு இருக்கும்? வந்து சேரு."

வயிற்று உப்புசத்துக்கு வெற்றிலை நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். கூட இரண்டு போட்டேன், சுண்ணாம்பு தாராளமாகத் தடவி.

அடுத்த தவக்காலம் வந்தது. வழக்கம்போல் வெற்றிலையை விட்டேன். இந்தத் தடவையும் உடம்பு லேசானது. மாதா கைவிடவில்லை என்று நினைத்த நாலாவது வாரம், நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. ஐந்து நாள் போகாத வயிறு ஒரு நாளைக்கு ஐந்து தடவை போனது. டி.எஸ்.எச். தரைக்கு வந்திருந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று குறைத்தார். குறைத்து, ஈஸ்டர் முடிந்து, திரும்பவும் பேத்தை மீன்.

எனக்கு எந்த வியாதி என்றே தெரியவில்லை. சோம்பலா, படபடப்பா? ஒரே மாத்திரை எப்படி இரண்டும் செய்யும்? டாக்டருக்கும் தெரியவில்லை. ஒருநாள் காகிதங்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு முழிச்சதுல இருந்து டீ குடிக்கிற வரைக்கும் என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். எழுந்திருப்பேன். சிலுவை போடுவேன். வாய் கொப்பளிப்பேன். மாத்திரை, ஒரு சொம்பு தண்ணி. அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்காருவேன்.

"எங்க சும்மா?" என்றாள் ஸ்டெல்லா. "வெத்தல போடுவீங்களே அத்தே."

"வெத்தல சாப்பாடாடி? துப்பறதுதான? டீக்கு காத்துக்கினு இருக்கறப்போ வாய் சும்மா இருக்குமா?"

டாக்டர் பேனாவை வைத்தார். "சுண்ணாம்போடயா?"

"சுண்ணாம்பு இல்லாம அது இன்னா வெத்தல?"

சுண்ணாம்பு என்பது கால்சியம் (எலும்புக்கு வேண்டிய சத்து) என்றார். அது மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. "எப்பவாவது வெத்தலைய நிறுத்துனது உண்டா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா மெதுவாக, "தவக்காலத்துல" என்றாள்.

டாக்டர் காகிதங்களைத் திரும்ப இழுத்து, வெற்றிலை இல்லாத நாற்பது நாளில் மாத்திரை முழுசாகச் சேர்ந்திருக்கிறது, கூட்டின அளவு அதனால்தான் அதிகமாகிவிட்டது என்றார். பிறகு நான் கேட்டேன்: "நான் தெனம் மாத்திர போட்டேன்னு இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்மா. நான்தான் சரியா கேக்கல."

மாத்திரைக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் நாலு மணி நேரம் விடச் சொன்னார். வெற்றிலையையே விட்டால் வாய்க்கும் நல்லது என்றார். யோசிக்கிறேன் என்றேன். அந்தப் பேச்சு எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலை ஸ்டெல்லா அட்டையைத் தொடவில்லை. என் வெற்றிலைப் பெட்டியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, "ஒம்பது மணிக்கு நானே எறக்கித் தரேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. வாரத்தில் நாலு நாள் பலகைக்குப் போகிறேன். கோவிந்தம்மா கூடையை எடுத்துக்கொண்டு, "கூடையோட யாவாரம் முடிஞ்சிச்சு, எடத்த புடி" என்றாள். தூக்கம் வரவில்லை. ஆனால் சில நாள் சாயங்காலம் கால் கனக்கிறது. அது சுரப்பியா, வயசா, நாலு நாள் நின்ற காலா என்று தெரியவில்லை. முன்னால் உடம்பைக் கேட்காமலே வேலை வாங்கினேன். இப்போது கேட்கிறேன். அது சொல்வது பாதி புரிகிறது.

மாதா கொடுத்தாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். டாக்டர் சுண்ணாம்பு என்கிறார். நாற்பது நாள் விடச் சொல்லி என்னைப் பழக்கியது யார்? அதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். டாக்டரிடம் சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீர்கள். மென்றதையும் துப்பியதையும் சொல்லுங்கள்.

எனக்குக் காலை என்பது கடல் வெளுப்பதும் டீயும்தான். இப்போது அதில் நாலு மணி நேரம் நீளமாகக் கிடக்கிறது. பலகைக்குப் போகாத நாள்களில் அந்த நாலு மணி நேரத்தில்தான் இதை எழுதினேன், ஸ்டெல்லாவின் மகள், என் பேத்தி ஜெனியின் பழைய நோட்டில்.

ஜெனி, இங்க வா. ஒம்பது மணிக்கு இன்னும் நேரம் கீது. ஆயா எழுதினத சத்தமா படி. ஒண்ணும் திருத்தாத. ஒரு நாள் கூடத் தவறலன்னு ரெண்டு தடவ எழுதிக்கீறேன், அந்த ரெண்டையும் படி. உங்கம்மா அடுப்படியில கீறா, அவ காதுல வுழட்டும்.