பனியன் படமும் பாழாய்ப்போன மெஷினும்

திருப்பூரில் போட்டோகிராபர் என்றால் கல்யாணத்துக்கா, காதுகுத்துக்கா என்று கேட்பார்கள், நான் பனியனுக்கு. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையருக்குக் காட்டும் கேட்லாக் படங்கள் எடுப்பேன். டிஜிட்டல் கேமரா நம்ம பக்கம் முழுசாக வந்து சேராத, இரண்டாயிரத்தின் முதல் சில வருஷங்கள் அவை. ஸ்லைடு பிலிமைச் சுத்தமாகக் கழுவ வேண்டுமென்றால் மும்பைக்குப் போக வேண்டும். அதற்குக் கோயமுத்தூரில் பிளேன் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் அந்த எக்ஸ்ரே மெஷின்.

கையில் பிலிமோடு பிளேன் ஏறிய பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கழுவாத பிலிமில் எக்ஸ்ரே அதிகமாகப் பட்டால் படம் வெளுத்துப் போகும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் சரியாகாது. சாம்பிள் பீஸ் எல்லாம் அன்றைக்கே கூரியரில் போயிருக்கும் என்பதால் மறுபடி எடுக்கவும் வழியில்லை.

பிரிட்ஜ்

சின்னச்சாமி அண்ணன் திருப்பூர் மண்ணரையில் பதினெட்டு தையல் மெஷின் போட்டு, வருஷக்கணக்காக ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர். அவர் தைத்ததெல்லாம் அடுத்தவர் லேபிளில்தான் போகும். தன் கம்பெனி பேரோடு ஒரே ஒரு பக்கமாவது கேட்லாக்கில் வந்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெறி. ஒருவழியாக, மும்பையில் கேட்லாக் போடும் ஒரு தமிழ்க்கார ஏஜெண்ட் அம்மா, "படம் கொண்டு வாங்க, பக்கம் ஒதுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

ஷூட்டிங்குக்கு முதல் நாள் போன் செய்தேன். "அண்ணா, பன்னெண்டு ரோல் குடுத்தனுப்பறேன், சூடு படாம உங்க வீட்டு பிரிட்ஜ்ல வெச்சிருங்க." திருப்பூரில் ரோல் என்றால் தோளில் தூக்கிப் போகிற துணி ரோல்தான் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோச்சு. அண்ணன் மரியாதை குறையாமல் கேட்டார்: "ஏனுங் தம்பி, எங்கூட்டு பிரிட்ஜுல ஒரு ரோலே நுழையாதுங்களே, கதவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாப் பரவால்லீங்களா?"

பந்த் கரோ

படமெல்லாம் எடுத்து முடித்து டீ குடிக்கும்போது, ஏர்போர்ட்டில் நான் பட்ட பாட்டையெல்லாம் அண்ணனிடம் எடுத்துவிட்டேன். முதல் தடவை செக்கிங்கில் நின்றவர் வடநாட்டு ஜவான். எனக்குத் தெரிந்த இந்தியோ, நம்ம கம்பெனிகளில் பீகார்க்காரர்கள் பேசக் கேட்டுப் பொறுக்கியது. கண்ணெதிரே பிலிம் பை பெல்ட்டில் ஏறிவிட்டது. பதறிப்போய், மெஷினை நிறுத்தச் சொல்லி, "மெஷின் பந்த் கரோ! ஜல்தி பந்த் கரோ!" என்று சூப்பர்வைசர் தோரணையில் கத்திவிட்டேன்.

கத்தின கத்தில் பெல்ட்டும் நின்றது, வரிசையும் நின்றது. துப்பாக்கியோடு இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். அரை மணி நேரம் கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். கடைசியில் அந்த ஜவான் ரோல்களைக் கையாலேயே பார்த்துத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "பாய்சாப், யே ஏர்போர்ட் ஹை, பேக்டரி நஹீ."

ஈயப் பை

அடுத்த தடவை ஐயா உஷார். ஈயம் வைத்த பை ஒன்று இருக்கிறது, எக்ஸ்ரே உள்ளேயே போகாது என்று நண்பர் ஒருவர் ஆசை காட்ட, வாங்கி, ரோல்களை அதில் போட்டு, ஜம்மென்று பெல்ட்டில் வைத்தேன். திரையில் கன்னங்கரேலென்று ஒரு கட்டி தெரிந்தது. விடுவார்களா? பையைப் பிரித்து, ரோல்களைத் தட்டில் பரப்பி, வெறும் ரோலாகவே மெஷினுக்குள் விட்டார்கள். நல்ல வேளை, அன்றைக்குக் கொண்டு போனது படம் எடுக்காத புது ரோல். அந்த ஆபீசர் நம்ம ஊர்ப் பெண்தான். சாவகாசமாகச் சொன்னார்: "மூடி வெச்சதுனாலதானுங்க சார் தொறந்து பாக்கத் தோணுச்சு."

சூட்கேஸ்

இதையெல்லாம் கேட்டு அண்ணன் சிரிக்கவில்லை, உச்சுக் கொட்டினார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏஜெண்ட் அம்மாவைப் பார்க்க அவரும் என்னோடு கிளம்பினார். ஏர்போர்ட்டில் கேமரா பையை அவரிடம் கொடுத்துவிட்டு பாத்ரூம் போய் வந்தேன். அதற்குள் தன் சூட்கேஸை லக்கேஜில் போட்டுவிட்டு, போர்டிங் பாஸும் கையுமாக நின்றார். செக்கிங்கில் ரோல்களை எடுத்துக் காட்டப் பைக்குள் கையை விட்டேன். ஒரு ரோல்கூட இல்லை. அண்ணன் என் காதோடு சொன்னார்: "பதறாதீங் தம்பி. உங்குளுக்கு ஒவ்வொருக்காவும் எதுக்கு இந்த ரோதனைன்னு, என்ற சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல வெச்சு உட்டுட்டனுங்க. அங்க ஒரு கேள்வி கேக்கலீங்க. என்னமோ குண்டு குண்டாத் தெரியுதுன்னு நாலஞ்சு வாட்டி மெஷினுக்குள்ள உட்டு உட்டு எடுத்தாங்க, அவ்வளவுதானுங்க."

நான் சொன்ன கதைகளில் அவர் மனசில் நின்றது கேள்வி கேட்டுக் குடைகிற ஆட்கள்தான். மெஷின் பிலிமை என்ன செய்யும் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சிரிக்க வைக்கிற மும்முரத்தில் விட்டுவிட்டேன், மடையன்.

மும்பை லேப்பில் கழுவி வந்த ஸ்லைடுகளை விளக்குப் பெட்டியில் வைத்தோம். பனியன் மேல், மாடல் பெண்ணின் முகத்தின் மேல், எங்கே பார்த்தாலும் அலை அலையாக வெளுத்த பட்டை. பன்னிரண்டு ரோலும் அப்படியே. "தப்பு என்னோடதுங்கண்ணா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

அந்த ஸ்லைடுகளோடேயே ஏஜெண்ட் அம்மாவிடம் போனோம். "போட்டோக்காரத் தம்பி மேல ஒரு தப்புமில்லீங்க, நான் பண்ணுன வேலைங்க" என்று அண்ணன் முந்திக்கொண்டார். அந்த அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் கேட்லாக் மறுநாள் அச்சுக்குப் போகிறது. பக்கத்தை வேறு கம்பெனிக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். அண்ணன் தலையாட்டினார், எழுந்தார், வாசல்வரை போனார். அப்புறம் திரும்பி வந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "ஏனுங்கம்மா, பனியன்ல கறை பட்டா செகண்ட்ஸ்னு போட்டு வித்துருவமுங்க, படத்துக்கு அப்படி செகண்ட்ஸ் கேட்லாக்குன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எக்ஸ்ரே மெஷினிடமிருந்து பிலிமைக் காப்பாற்றும் வித்தையெல்லாம் அப்புறம் கற்றுக்கொண்டேன், ஆனால் நம்மைப் பார்த்துப் பாவப்படுகிறவரிடமிருந்து காப்பாற்றும் வித்தை மட்டும் இன்றுவரை கைவரவில்லை.