ஐந்தாவது கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழசு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். டேப் ரெக்கார்டரில் புரோகிராம் பதிந்த கேசட்டைப் போட்டால், ஐந்து நிமிடம் கிறீச்சிட்டுவிட்டு டிவி திரையில் எழுத்துகளைக் காட்டும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அந்த மாடல் ஐந்து பேரிடம் இருந்தது. ஐவரில் ஒருத்தி அம்மா. ஞாயிறு மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் திருத்துவார், சண்டை வரும், முறுக்குத் தட்டு காலியாகும். அலுவலகத்தில் பெரிய கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டு வரும் அப்பாவுக்கு இதெல்லாம் பொம்மை விளையாட்டு. முறுக்கில் மட்டும் அவருக்கும் பங்கு உண்டு.

அப்போதுதான் செங்கல்பட்டுக் கடைக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். ஏதோ பள்ளிக்கூடத்துக்கு ஒரே மாதிரி ஐந்து கம்ப்யூட்டர் வேண்டுமாம். ஓடுகிற நிலையில் ஐந்தையும் மொத்தமாகக் கொடுத்தால், ஐவருக்கும் புதுசைப் பாதி விலைக்குத் தருவாராம். ஒன்று குறைந்தாலும் கிடையாது. நான்கு பேர் உடனே சரி என்றார்கள். அம்மா ஒரு வாரம் முரண்டுபிடித்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கிடைப்பது தன்னால் கெட்டுப்போக வேண்டாம் என்று தலையாட்டினாள். தலையாட்டியவள் கீபோர்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்பது வயது. பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்காரர் வரவேண்டிய காலையில், கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் கார்டை உருவி, அதன் உலோகப் பற்களின் மேல் செலோ டேப்பை ஒட்டிப் பழையபடி செருகிவிட்டேன்.

கடைக்காரர் எங்கள் வீட்டில் வைத்து ஐந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மற்ற நான்கும் ஓடின. எங்களுடையதைப் போட்டதும் டிவியில் வெறும் கோடுகள். அம்மா கார்டை உருவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்படியே செருகினாள்.

“போச்சுங்க. உப்புக் காத்து தின்னுடுச்சி” என்றாள் கடைக்காரரிடம்.

நால்வரில் ஒருவரான எதிர்வீட்டு அங்கிளின் முகம் தொங்கிப்போனது. “போன வாரம் நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி? இப்ப இன்னாம்மா இப்டி சொல்ற?”

“போன வாரம் ஓடுச்சி. இன்னிக்கி ஓடல. நான் இன்னா பண்ண?”

கடைக்காரர் வெறுங்கையோடு வண்டியேறினார். நால்வரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். டேப் கண்ணாடி போல இருந்ததால் அம்மாவின் கண்ணில் படவில்லை என்று நினைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் அதைப் பிய்க்கப் போனபோது டேப் அங்கே இல்லை. தானாகவே உதிர்ந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எனக்கோ கொண்டாட்டம், முறுக்கும் கம்ப்யூட்டரும் எங்களுக்கே. ஐந்து பேரும் சேர்ந்து ஆரம்பித்துப் பாதியில் நின்றிருந்த பாம்பு விளையாட்டை அம்மா தனியாக உட்கார்ந்து எழுதி முடித்தாள். முதல் திரையில் ஐந்து பெயர்களையும் தட்டினாள்.

“அவங்கதான் வர்றதே இல்லியே. எடுத்துடும்மா” என்றேன்.

“வரலன்னா இன்னா? ஆளுக்குக் கொஞ்சம் எழுதனதுதான இது. எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. கம்ப்யூட்டரைக் காப்பாற்றிய என் பெயர் ஆறாவதாகக்கூட இல்லையே என்று, மாலை வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.