கோயிலுக்கு வெளியே குணலட்சுமி

குணலட்சுமி முதன்முதலாக மண் லொறிக்கு முன்னால் போய் நின்றதற்குக் காரணம் ஒரு கோப்பைத் தேநீர். அன்று காலையில் அவள் போட்ட தேநீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. சீனியைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு கிணற்றில் அள்ளிய தண்ணீரையே குடித்துப் பார்த்தாள். அதுவும் கரித்தது.

கரவெட்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் கிணற்று நீர் உவரானால் வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை, பிறகு அங்கே இருப்பதற்கு ஆட்களும் இல்லை. கடற்கரைப் பக்கத்து மணல் மேடுகளை டிப்பர் லொறிகள் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேடு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வேலிக்கு மேலால் கதைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள். குணலட்சுமி மட்டும் வாளித் தண்ணீரோடு சந்திக்குப் போனாள். வந்த லொறியின் முன்கண்ணாடியில் அதை அப்படியே வீசினாள்.

"குடிச்சுப் பாரடா! உன்ரை பிள்ளைக்கு இந்தத் தண்ணியைக் குடுப்பியோ?" என்று கத்தினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு உதயகலா அவளோடு வந்து நின்றாள். உதயகலாவும் அவளும் ஒன்றாக வெங்காயம் நடுபவர்கள், ஒன்றாக அதன் தாள் வெட்டுபவர்கள். ஒருத்தி வீட்டில் கறி இல்லையென்றால் மற்றவள் வீட்டுச் சட்டி வேலிக்கு மேலால் வரும். அவர்கள் இருவரையும் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். சந்தியில் ஒரு கொட்டில் எழுந்தது. முறை வைத்துக் காவல் இருந்தார்கள். மண் காப்புக் குழு என்று பெயர் வைத்தார்கள். தலைவி யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

குணலட்சுமி மறிக்கிற விதமே வேறு. லொறி நின்றதும் சாரதியைத் திட்டுவாள். திட்டி முடிந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். சாரதிகளில் ஜெரிசன் என்று ஒருவன், குருநகர்ப் பக்கம்.

"கடலிலை மீன் இல்லை அக்கா. அதுதான் இந்த லொறி ஸ்ரேறிங்கைப் பிடிச்சனான்" என்பான், தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே.

"அங்கை கடல் வத்தினதுக்கு எங்கடை கிணத்தை வத்தப் பண்ணாதை. திருப்பு லொறியை."

அவன் திருப்பிக்கொண்டு போவான். அடுத்த கிழமையும் வருவான்.

கொழும்பில் கம்பனி வேலையை விட்டுவிட்டுக் கீர்த்திகன் ஊருக்குத் திரும்பியது இந்த நேரத்தில்தான். முப்பது வயதுகூட ஆகாதவன். நல்ல பிள்ளை. மனு எழுதினான், பத்திரிகைக்காரரைக் கூட்டி வந்தான், குழுவுக்குப் பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினான். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் எல்லாம் அதைப் பார்த்தார்கள். குழுவுக்குச் செயலாளர் என்ற பதவி வந்தது. செயலாளர் கீர்த்திகன்தான் இப்போது கதிரையில் இருந்தான். குணலட்சுமி மற்றவர்களோடு நீள வாங்கிலில் இருந்தாள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கிணறு நல்லதண்ணியானால் யார் எதில் இருந்தால் என்ன என்று நினைத்தாள். அப்படி நினைத்ததுதான் அவள் விட்ட பிழை.

ஏனென்றால், லொறிகள் திடீரென்று கெட்டித்தனம் காட்டத் தொடங்கின. குழு சந்தியில் கூடுகிற நாளில் அவை குறுக்கு ஒழுங்கையால் போயின. ஒழுங்கையை மறிக்கப் போன நாளில் சந்தியால் போயின.

"உள்ளுக்கை ஆரோ லொறிக்காரருக்குச் சொல்லுறாங்கள்" என்றான் கீர்த்திகன்.

அந்த ஒரு வசனம் ஊருக்குள் தோட்டம் தோட்டமாக நடந்தது. யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் குணலட்சுமி கொட்டிலுக்கு வரும்போது பேச்சு நின்றது. அவள் நீட்டிய தேநீரை "வயித்துக்கை சரியில்லை" என்று தள்ளினார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர் சோமசேகரம்தான் வாய் விட்டார்:

"லொறிக்காரனுக்குத் தேத்தண்ணி குடுக்கிற கை, ரெலிபோனும் எடுக்காதோ?"

நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்தது போலிருந்தது அவளுக்கு.

அந்த நாட்களில்தான் அவளுடைய கணவன் சண்முகநாதனின் தமையன் வட்டுக்கோட்டையில் காலமானார். சண்முகநாதன் வட்டுக்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். காரியங்களுக்காக அவர் அங்கேயே தங்கிவிட்டார். செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிய குணலட்சுமிக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசற்படியை மிதிக்க முடியாது. அந்த ஊரில் அவள் ஒருத்தியின் வீடுதான் துடக்கு வீடு.

அவள் திரும்பி வந்த அன்று பின்னேரமே சனசமூக நிலையத்தில் கூட்டம். கீர்த்திகன் எழுந்தான்.

"பொலிசும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். வாற வெள்ளிக்கிழமை காலமை வைரவர் கோயிலிலை எல்லாரும் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் செய்வம். செய்யாதவை ஆரெண்டு ஊர் பாக்கட்டும்."

கையில் எரிகிற கற்பூரத்தை அணைத்துப் பொய் சொன்னவன் அந்த ஊரில் நன்றாக இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கூட்டம் அடங்கிப்போயிற்று. குணலட்சுமி எழுந்தாள்.

"தம்பி, நான் துடக்கு. கோயிலுக்கை வரேலாது. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அன்ரி. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"அந்தியேட்டி முடிய வைப்பம். ஓடியே போகப்போறன்?"

"ஓடுறவை ஓடுறமெண்டு சொல்லிப்போட்டே ஓடுறவை?" என்றார் சோமசேகரம். சிலர் சிரித்தார்கள்.

கீர்த்திகன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைதான் எண்டு விருப்பப்படுறவை கையைத் தூக்குங்கோ. எங்கடை முடிவு எப்பவும் ஏகமனசான முடிவு" என்றான்.

முதலில் முன்வரிசையில் கைகள் எழுந்தன. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். குணலட்சுமி உதயகலாவைத் தேடினாள். உதயகலா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த யாரோ அவளுடைய முதுகில் மெல்லத் தட்டினார்கள். அந்தக் கை மெதுவாக எழுந்தது. தோளுக்கு மேலே போகவில்லை. ஆனாலும் எழுந்தது.

குணலட்சுமி வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவில்லை. கணவனிடம் ரெலிபோனில் சொன்னாள்.

"விடு. அதுகளோடை என்ன கதை? குழுவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்றார் சண்முகநாதன்.

"விட்டால் நான்தான் காட்டிக் குடுத்தனான் எண்டு ஆகுமப்பா. பிறகு இந்த ஊரிலை என்னெண்டு முகம் முழிக்கிறது? சாகும்வரை அந்தப் பேர்தானே எனக்கு!"

அவள் அழுதுகொண்டே அழைப்பை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வைரவர் கோயிலுக்குப் போனாள். துடக்கைப் பாராமல் உள்ளே போய்விடுவோமா என்றுகூட நினைத்தாள். கால் கோயில் படலைவரை போனது. பூசாரி ஆழ்வாப்பிள்ளை ஓடி வந்தார்.

"பிள்ளை, வேண்டாமம்மா. உள்ளுக்கை வந்தால் அதையும் ஒரு குற்றமாச் சொல்லுவாங்கள். வெளியிலை நில்லு."

அவள் மதிலுக்கு வெளியே நின்றாள். உள்ளே பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, வைரவரே" என்று ஒரு குரல் வந்தது. பிறகு அடுத்த பெயர். உதயகலாவின் குரலும் கேட்டது.

அப்போது சந்திப் பக்கம் இன்னொரு சத்தம் கேட்டது. குணலட்சுமிக்கு அந்த உறுமல் நன்றாகத் தெரியும். சந்திக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு குருவி இல்லை. காவல் முறைக்காரரும் சத்தியம் செய்ய உள்ளேதான் நின்றார்கள்.

"லொறி வருது! எல்லாரும் ஓடி வாருங்கோ! லொறி!"

உள்ளே சலசலப்பு எழுந்தது. அதற்கு மேலாகக் கீர்த்திகனின் குரல் வந்தது.

"ஒருத்தரும் அசையாதேங்கோ! கடைசி ஆள் கற்பூரம் அணைக்கும்வரை பொறுங்கோ. இடையிலை வெளியிலை போறவைதான் காட்டிக் குடுத்தவை எண்டு விளங்குமெல்லே!"

சலசலப்பு அடங்கியது. அத்தனை பேருக்கும் காது இருந்தது. அத்தனை பேருக்கும் வீட்டில் கிணறும் இருந்தது. ஆனால் முதலில் காலை எடுத்து வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"உதயா!" என்று மதிலைத் தட்டிக் கூப்பிட்டாள் குணலட்சுமி. உதயகலா வெளியே வரவில்லை.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். சந்தியின் நடுவே போய் நின்றபோது முதல் லொறி வளைவில் திரும்பிவிட்டது. பின்னால் இன்னும் லொறிகள். ஹோர்ன் காதைப் பிளந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சினின் வெக்கை முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது இரும்பு அவளுடைய வயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஜெரிசன் தலையை வெளியே நீட்டினான். முகம் வெளிறியிருந்தது.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? பின்னாலை வாறவங்கள் என்ரை சொல்லுக் கேளாங்கள். விலகுங்கோ!"

"ஏத்து. என்னிலை ஏத்திப்போட்டுப் போ. உள்ளுக்கை ஒரு ஊர் என்னைச் சாகடிச்சுப் போட்டுது. நீ மிச்சத்தைச் செய்."

பின்னால் நின்ற லொறிக்காரர்கள் ஹோர்னை விடாமல் அடித்தார்கள். ஒருவன் இறங்கி வந்து அவளை இழுத்து எறியப் போவதாக வெருட்டினான். ஜெரிசன் கதவைத் திறந்து குதித்து அவனை மறித்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. விழுந்தால் வழி கிடைத்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. விழவில்லை.

கோயில் மணி அடித்தது. சத்தியம் முடிந்தது. ஊர் திரண்டு சந்திக்கு ஓடி வந்தது. எல்லோர் உள்ளங்கையிலும் கற்பூரக் கரி. கீர்த்திகன் போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே வந்தான். லொறிகளைக் கண்டான், நடுவே குணலட்சுமியைக் கண்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"விளங்குதே? எல்லாரும் கோயிலுக்கை இருக்கிறம் எண்டு லொறிக்காரருக்கு ஆர் சொன்னது? வெளியிலை நிண்டது ஓராள்தானே?"

இரும்பு தொட்டபோது வராத பயம் குணலட்சுமிக்கு இப்போது வந்தது.

"ஓம், ஓம். வேறை ஆர்?" என்றது கூட்டம், ஒரே குரலாக.

ஜெரிசன் கீர்த்திகனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்காவோ சொன்னவ? அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள்! வெள்ளிக்கிழமை காலமை ஊர் முழுக்க வைரவர் கோயிலிலை எண்டு உங்கடை பேஸ்புக்கிலை பூப்படம் வைச்செல்லே போட்டனீங்கள். எங்கடை முதலாளி காலமை எழும்பினால் முதல் அதைத்தான் பாக்கிறவர். போன முறையும் அப்பிடித்தான், அதுக்கு முதல் முறையும் அப்பிடித்தான்."

கீர்த்திகன் போனை இறக்கினான்.

சோமசேகரம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்ப காட்டிக் குடுத்தது உவன்தானோ! வேணுமெண்டுதான் போட்டிருக்கிறான். உவனை இண்டைக்கே குழுவிலையிருந்து வெளியிலை போடுவம். கையைத் தூக்குங்கோ!"

கைகள் எழுந்தன. கரி படிந்த அதே கைகள். இந்த முறை யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. முதலில் உயர்ந்தது உதயகலாவின் கை. அழுகையும் ஆவேசமுமாக அவள் குணலட்சுமியைப் பார்த்தாள், இதோ உனக்காகத் தூக்குகிறேன் என்று சொல்வது போல.

இழந்த பெயர் திரும்பி வந்துவிட்டது. கதிரையும் வந்துவிடும். குணலட்சுமி வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். கீர்த்திகனைப் பார்த்தாள். சனசமூக நிலையத்தில் தான் நின்ற நிலையில் இப்போது அவன் நின்றான்.

அவள் நேரே உதயகலாவிடம் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஆர் அந்தப் பேஸ்புக்கைப் பாக்காதது? உதயா, நீ லைக் போடேல்லையே?"

"போட்டனான் அக்கா" என்றாள் அவள், கேட்கவே முடியாத குரலில்.

"சோமண்ணை, நீங்கள்?"

"கனடாவிலை இருக்கிற மகளுக்கும் அனுப்பினனான்" என்றார் அவர், நிலத்தைப் பார்த்து.

"எல்லாருமாச் சேந்து சொல்லிப்போட்டு, எல்லாருமாச் சேந்து பழியை என்னிலை போட்டியள். இப்ப உவனிலை போடப் போறியள். நாளைக்கு ஆர்? கையைத் தூக்கினது காணும். லொறி இன்னும் நிக்குது. இருக்க ஏலுமானவை றோட்டிலை இருங்கோ."

முதலில் அவளே சப்பாணி கட்டி இருந்தாள். கொதிக்கிற தாரில், லொறிக்கு நேர் முன்னால். பூசாரி ஆழ்வாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கீர்த்திகன் தெரு ஓரத்தில் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றான்.

"அன்ரி, நான்..."

"உன்னிலை எனக்குக் கோவம் ஆறேல்லை. இண்டைக்கு ஆறாது. போனைப் பொக்கற்றிலை வைச்சுப்போட்டு வந்து இரு."

அவன் வந்து கடைசி வரிசையில் இருந்தான். ஜெரிசன் எஞ்சினை நிறுத்திவிட்டு முதலாளியோடு ரெலிபோனில் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற லொறிகள் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. வெயில் ஏறியது.

உதயகலா நகர்ந்து நகர்ந்து அவளுடைய தோளருகே வந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

"குணக்கா, என்னோடை ஒரு வார்த்தை கதையுங்கோ."

குணலட்சுமி லொறியின் சில்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப ஏலாது உதயா. முதல் இவங்கள் திரும்பட்டும்."